நூறு கோழிக்கு ஒரு மூடி

தம்பி, நீங்க சேவல் வளக்கிறவரு இல்லையே? இல்லைல்ல? மடியில ஆட்டுக்குட்டி இருக்கு, தெரியுது, இருந்தாலும் கேட்டுக்கிட்டேன். அப்பச் சரி. கொஞ்சம் அங்குட்டுத் தள்ளிக்கங்க, இந்தக் கட்டைப்பைய நடுவுல வச்சுக்கிறேன். பிடிக்க வேணாம், பிடிக்க வேணாம். புது ஆளு கை பட்டா மெரளும். நானே வச்சுக்கிறேன்.

டாக்டரம்மா வந்துட்டாங்களா? உள்ள பசுமாடா? மாடுன்னா நேரமாகும். டோக்கன் குடுக்குதே அந்தப் பொண்ணு, அதுகிட்ட ரெண்டு தடவை போயிட்டேன். "கூப்பிடுவோம்மா, உக்காருங்க"ங்குது. எங்கிட்டு உக்கார? உக்காந்தா மனசு நிக்க மாட்டேங்குது, எந்திரிச்சா இது தலையத் தொங்கப் போடுது. உங்க குட்டிக்கு என்ன, வயிறு உப்பிருச்சா? பச்சைக் கடலைக்கொடிய மேஞ்சிருக்கும். இடது பக்கம் தட்டிப் பாருங்க, கெண்ணுன்னு சத்தம் வந்தா காத்துதான். பயப்படாதீங்க, ஆடு பொழைச்சுக்கும். சேவலுதான் பொசுக்குன்னு போயிரும்.

குரலத் தாழ்த்திப் பேசுறேன்னு ஒண்ணும் நெனைக்காதீங்க. அந்தத் தூணுகிட்ட மஞ்சச் சட்டை போட்ட ஒருத்தரு உக்காந்திருக்காரு பாருங்க. ஐயய்யோ, நேராப் பாக்காதீங்க! ஓரக்கண்ணால பாருங்க. அவரு பைக்கு வெளிய ஒரு வாலு தொங்குதுல்ல? அதுவும் கிளிமூக்குச் சேவலுதான். எங்க ஆளு. எங்க ஆளுன்னா சாதிசனம் இல்ல, சேவக்காரங்க. எங்க ஆளுககிட்ட ஒரு பழக்கம் உண்டு தம்பி. வீட்டுல எம்புட்டு நகை இருக்குன்னு கேட்டாக்கூடச் சொல்லிப்புடுவாங்க. சேவலுக்கு என்ன தீனி குடுக்குறேன்னு கேட்டா வாயில கொழுக்கட்டதான். "கம்பு போடுறேன், தண்ணி வக்கிறேன்"ம்பாங்க. எவனக் கேட்டாலும் கம்பு, தண்ணி. கம்பும் தண்ணியும் குடுத்தா இம்புட்டு மினுமினுப்பு எங்கிட்டுருந்து வரும்? அம்புட்டும் பொய்யி. நாங்களும் அதான் சொல்லுவோம், அது வேற.

நீங்க ஆட்டுக்காரரு. உங்ககிட்டச் சொல்லலாம்.

இது பேரு தொரை. தலைய மட்டும் பாருங்க, துண்ட விலக்குறேன். மூக்கப் பாத்தீங்களா, அப்பிடியே கிளி மூக்கு, வளைஞ்சு உள்ள போகுது. கண்ணு வெள்ளை. வாலு பைக்குள்ள மடங்கிக் கெடக்கு, நிமிந்து நின்னா தரையில இழுபடும், விரிச்சா விசிறிதான். போன தையில கண்காட்சியில இதுக்கு ரெண்டாமிடம். மொத இடமே வந்திருக்கணும், கால் கனம் பத்தலைன்னுட்டாங்க. கால் தடிச்சு, உருண்டு இருக்கணும். அதெல்லாம் பாத்துத்தான் மார்க்கு போடுவாங்க. வார ஞாயித்துக்கெழமை இந்த வருசத்துக் கண்காட்சி. இப்ப என்னடான்னா நிக்கவே மாட்டேங்குது. நேத்துக் காலைல பஞ்சாரக் கூடையத் தூக்குறேன், உக்காந்தே கெடக்கு. ஏந்திரிடா தொரைன்னு தூக்கி விட்டா ரெண்டு காலும் மடங்குது.

எந்த நம்பரு கூப்புட்டாங்க? நம்மளுது இல்லையா? சரி.

அந்தா வாசல்ல, வேப்பமரத்துக்குக் கீழ, பீடியும் கையுமா நிக்கிறாரே ஒருத்தரு, அவருதான் எங்க வீட்டுக்காரரு. ஏன் இங்க வந்து உக்காரலையா? உக்கார மாட்டாரு. பஸ்ல வந்தோம், நான் முன்னாடி சீட்டு, அவரு பின்னாடி சீட்டு. கண்டக்டரு வந்து, "ரெண்டு பேரும் ஒண்ணா?"ன்னு கேட்டான். நான் சன்னல் பக்கம் பாத்துக்கிட்டேன். அவருதான் ரெண்டு டிக்கெட்டுன்னாரு. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை இல்ல தம்பி. ஆவணி மாசத்துலருந்து.

நீங்களே சொல்லுங்க, ஞாயத்த. தொரையோட தாய்க்கோழி வெள்ளச்சி. நான் குஞ்சுலருந்து கையில வச்சு வளத்தது. கூப்புட்டா அடுப்படி வரைக்கும் வரும். சேவக்காரங்க சேவலத் தூக்கிக்கிட்டுத்தான் ஊர் ஊராப் போயி போட்டோ எடுப்பாங்க. ஆனா சேவலோட அழகெல்லாம் தாய்க்கோழிகிட்டருந்து வாரது. அது பொம்பளைங்களுக்குத்தான் தெரியும். ஆவணியில ஒரு நா விடியக்காலைல நான் நிலக்கோட்டைப் பக்கம் மல்லிப்பூ எடுக்கப் போயிட்டேன். திரும்பி வந்து பாக்குறேன், வெள்ளச்சியக் காணோம். எங்கன்னா, வத்தலக்குண்டு சேவக்காரன் ஒச்சப்பனுக்குக் குடுத்துட்டாராம். அதுக்குப் பதிலா அவன்கிட்ட ஒரு கருப்புப் பெட்டைய வாங்கிட்டு வந்து கட்டி வச்சிருக்காரு. ஏன்னு கேட்டா, தாயும் மகனும் ஒரே எடத்துல கெடந்தா அடுத்த குஞ்சு ரத்தம் கெட்டுப்போகுமாம், ரத்தம் மாத்தணுமாம்.

மாத்துங்க. யாரு வேணாம்னா? அது எனக்கும் தெரியாதா? ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டுக்கிட்டு மாத்துனா என்ன? நான் என்ன அந்த வீட்டுல ஒண்டிக்கிட்டா இருக்கேன்? கேக்காம ஒரு காரியம் செய்யுற ஆளுகிட்ட எனக்கு என்ன பேச்சு வேண்டிக் கெடக்கு? அன்னைக்கோட நிறுத்திட்டேன். அவரும் ரெண்டு நா சுத்திச் சுத்தி வந்தாரு, பெறகு ரோசம் வந்திருச்சு. அவரும் நிறுத்திட்டாரு.

பிள்ளைக ரெண்டும் திருப்பூருல. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான். பேசாம எப்பிடிக் காலம் தள்ளுறதுன்னு கேக்குறீங்க. தொரை இருக்குல்ல. தொரைகிட்டத்தான் சொல்லுறது. "தொரை, சோறு ஆறுதுன்னு சொல்லுடா"ம்பேன். அவரு வந்து உக்காந்து தின்னுட்டு, "தொரை, கொழம்புல உப்பு இல்ல, கேட்டியா?"ம்பாரு. "உப்பு வேணும்னா கை இருக்குல்ல, எடுத்துப் போட்டுக்கச் சொல்லு தொரை"ம்பேன். இது நடுவுல நின்னுக்கிட்டு அங்குட்டு ஒரு தரம், இங்குட்டு ஒரு தரம் கழுத்தத் திருப்பும். பெரிய மகனுக்குப் பிள்ளை பொறந்த சேதி போன்ல வந்துச்சு. ஓடிப்போயி தொரைகிட்டத்தான் சொன்னேன், "நீ சித்தப்பன் ஆயிட்டடா"ன்னு. அவரு கட்டில்ல படுத்திருந்தவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. "என்ன பிள்ளைன்னு கேளு தொரை"ன்னாரு. பொம்பளப் பிள்ளைன்னு சொன்னேன். அன்னைக்கு ரெண்டு பேரும் சேவலப் பாத்துப் பாத்துச் சிரிச்சோம்.

நீங்க சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்கு இப்ப சிரிப்பு வரல தம்பி. இது இல்லாமப் போச்சுன்னா அந்த வீட்டுக்குள்ள சத்தமே இருக்காது. அந்தக் கருப்புப் பெட்டைகிட்ட நான் பேசுவேனா? அது அவரு கொண்டாந்தது.

கழுத்து சூடா இருக்கே... இல்ல, என் கை சூடு.

சரி, தீனிக்கு வாரேன். போன வருசம் கால் கனம் பத்தலைன்னுட்டாங்கன்னு சொன்னேன்ல, அது என் மனசுல உறுத்திக்கிட்டே இருந்துச்சு. இந்த வருசம் அவரு பாத்துக்குவாருன்னு விட முடியாது. கோவத்துல இருக்கிற மனுசன் சேவலயா கவனிப்பாரு? அதனால நானே எறங்கிட்டேன். கோழித்தீவனக் கடைக்குப் போனேன். கண்காட்சிச் சேவலுக்கு, அதுவும் பெட்டையோட சேக்கிற சேவலுக்கு, என்னென்ன குடுக்கணுமோ எல்லாம் குடுப்பான்னு கேட்டேன். விட்டமின் சொட்டு மருந்து ஒண்ணு, சிவப்பா இருக்கும். கால்சியம் டானிக் ஒண்ணு, வெள்ளையா, கெட்டியா. மினரல் பொடி ஒரு டப்பா. அது போக மருந்துக்கடையில மீன் எண்ணெய் மாத்திரை, எறகு பளபளப்புக்கு.

அளவு பாட்டில் மேலயே போட்டிருந்துச்சு. நான் எட்டாப்பு வரைக்கும் படிச்சவ, படிக்கத் தெரியும். டானிக்குல "நூறு கோழிக்கு ஒரு மூடி"ன்னு இருந்துச்சு. என்கிட்ட இருக்கிறது ஒரு சேவலு. நூறுல ஒரு பங்கு மூடிய எப்பிடி அளக்குறது, நீங்களே சொல்லுங்க? ஊசி முனையிலயா? நானும் ரோசனை பண்ணிப் பாத்தேன். வெறுங்கோழி நூறுக்கு ஒரு மூடின்னா, தொரை மட்டும் என்ன லேசுப்பட்டவனா? எங்க தொரை நூறு கோழிக்குச் சமம்தான். ஒரு மூடி ஊத்துனேன். நல்லாத்தான் குடிச்சான்.

சாயங்காலம் அவரு டீக்கடைக்குப் போயிருவாரு. அப்பத்தான் குடுக்குறது. அவருக்குத் தெரிஞ்சா, "ஓஹோ, பேச மாட்டாளாம், சேவலு மட்டும் வேணுமாம்"னு எளக்காரமாப் போயிரும்ல? அதனால சொல்லல. தொரைகிட்டயும், "உங்கய்யாகிட்டச் சொல்லிராத"ன்னுதான் ஊட்டுவேன்.

ஒண்ணே ஒண்ணுதான் எனக்குப் புரியல. மருந்து பூராம் கோழிக்கொட்டாயில சொவத்துத் தட்டு மேலதான் இருக்கும். நான் ஒரு அளவு ஊத்துனா, மறுநா பாட்டில் அதுக்கு மேல கொறஞ்சு கெடக்கும். மீன் எண்ணெய் மாத்திரையும் அப்பிடித்தான். மொதல்ல எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒச்சப்பன் வீட்டுக்குக் கொண்டு போறாருன்னு கண்டுபிடிச்சிட்டேன். வெள்ளச்சிக்குத்தான் குடுக்கப் போறாரு, வேற யாருக்கு? பெறகு நெனச்சேன், போகட்டும், வெள்ளச்சிக்குத்தான, நம்ம பிள்ளைக்குத்தான. நானும் கண்டுக்காம அடுத்த பாட்டில் வாங்கி வச்சேன். கொறஞ்சா திரும்ப வாங்குவேன். அவருக்கும் அது தெரியும்னுதான் நெனைக்கிறேன், ஒரு நா கூட வாயத் தொறக்கல.

என்னது? அவரும் இந்தத் தொரைக்கே குடுத்திருப்பாரோன்னா? நல்லாக் கேட்டீங்க போங்க! அவரு குடுப்பாரா? அந்த மனுசனுக்குக் கோழிக்குத் தண்ணி வக்கிற சட்டி எங்க இருக்குன்னு தெரியாது. காலைல நான் பூவெடுக்கப் போனா வெயில் ஏறித்தான் வாரேன். அந்நேரம் வரைக்கும் கட்டில்ல மல்லாந்து கெடப்பாரு. குடுக்குறாராம்ல!

நீங்க என்ன, படிச்சவரா? அதான் இப்பிடிக் குறுக்கக் கேக்குறீங்க.

நல்லாத்தான் தம்பி வந்துச்சு. எறகு அப்பிடியே எண்ணெய் தேச்சது கணக்கா. அப்பறம் கார்த்திகைக்கு மேல தண்ணி நெறையக் குடிக்க ஆரம்பிச்சுச்சு. வச்ச சட்டி வச்ச எடத்துலயே காலி. சத்து ஏறுது, தாகம் எடுக்குதுன்னு நான் இன்னொரு சட்டி வச்சேன். எச்சம் வெள்ளை வெளேர்னு, தண்ணியா, சுண்ணாம்பு கரைச்சு ஊத்துன மாதிரி போச்சு. கால்சியம் குடுக்குறோம்ல, அதான் வெள்ளையாப் போகுதுன்னு விட்டுட்டேன். மார்கழியில கால் தடிச்சுச்சு பாருங்க! மூட்டுகிட்ட, வெரலுகிட்ட, நல்லா உருண்டு. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல, சந்தோசத்துல. போன வருசம் கால் கனம் பத்தலைன்னாங்கல்ல, வாங்கடா இப்ப வந்து பாருங்கடான்னு இருந்துச்சு. அவரும் பாத்தாரு. கால நீவி நீவிப் பாத்தாரு. "தொரை, இந்த வருசம் நமக்குத்தான்டா"ன்னாரு. மொகம் பூராம் பல்லு. நான் செஞ்சதுதான்னு சொல்ல வாய் வந்துச்சு. சொல்லல. ஜெயிச்ச பெறகு தெரியட்டும்னு இருந்துட்டேன்.

அந்தச் சந்தோசத்துல கடைசி ஒரு வாரம் ரெண்டு மூடியாக் குடுத்தேன்.

யாரு? சேவலா? எங்களத்தான் கூப்புடுறாங்க! எந்திரிங்க, எந்திரிங்க, பையத் தூக்கணும். அந்த ஆளு எங்க போனாரு? பீடியப் போட்டுட்டு வாராரு, வாராரு. நீங்க இங்கதான இருப்பீங்க? அந்த மஞ்சச் சட்டை எந்திரிக்குது பாருங்க. எதுக்கு எந்திரிக்குது அது?

*

இருக்கீங்களா தம்பி? இன்னும் உங்களக் கூப்புடலையா? நல்லதாப் போச்சு. கொஞ்சம் தண்ணி இருந்தாக் குடுங்க. எனக்குத்தான். இதுக்கு உள்ளேயே காட்டுனாங்க, குடிக்கல.

அவரா? ஆட்டோ பிடிக்கப் போயிருக்காரு. பஸ்ல குலுங்கும், வேணாம்னுட்டாரு. யாருகிட்டயும் சொல்லல, அவரா மொணங்கிக்கிட்டே போறாரு. வெரசா வந்தாத் தேவலை.

உள்ள என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. டாக்டரம்மா சின்னப் பொண்ணு, நல்ல பொண்ணு. தூக்கி மேசை மேல வச்சதும் றெக்கையும் காலும் பிடிச்சுப் பாத்துச்சு. "தீனி என்ன குடுக்குறீங்க? விட்டமின், கால்சியம்னு தனியா ஏதாவது குடுக்குறீங்களா?"ன்னு கேட்டுச்சு. நான் திரும்பிப் பாக்குறேன், அந்த மஞ்சச் சட்டை கதவுகிட்ட வந்து நிக்குது. காதத் தீட்டிக்கிட்டு! எங்க வீட்டுக்காரரும் பாத்துட்டாரு. பாத்துட்டு, "ஒண்ணுமில்லீங்க. கம்பு போடுறோம், தண்ணி வக்கிறோம்"னாரு. டாக்டரம்மா என்னையப் பாத்துச்சு. நானும் ஆமான்னு தலையாட்டிட்டேன். ஆவணிக்குப் பெறகு நாங்க ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட மொத விசயம் அதுதான் தம்பி.

"அப்ப சத்துக் கொறைவாத்தான் இருக்கும், கால் பெலம் போயிருச்சு, விட்டமின் ஊசி போட்டுப் பாப்போம்"னு சொல்லி டாக்டரம்மா ஊசியில மருந்த ஏத்துது. இம்புட்டு குடுத்துமா சத்துக் கொறைவு? எங்கயோ தப்பு இருக்குன்னு தோணுது. வாயத் தொறந்தா மஞ்சச் சட்டைக்குத் தெரிஞ்சிரும், எங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சிரும். தொரை என்னையவே பாத்துக்கிட்டுக் கெடக்கு. பொறுக்க முடியல. "பொய்யி டாக்டரம்மா, போடாதீங்க"ன்னு கத்திட்டேன். சொட்டு மருந்து, டானிக்கு, பொடி, மீன் எண்ணெய், மூடிக் கணக்கு, எல்லாத்தையும் அப்பிடியே கொட்டிட்டேன். மஞ்சச் சட்டை கேக்குதா, கேட்டுட்டுப் போகட்டும். ஊரே கேக்கட்டும்.

டாக்டரம்மா ஊசியக் கீழ வச்சிருச்சு. அவரு என்னையப் பாக்குறாரு. நான் சொவத்தப் பாக்குறேன். அப்பறம் மெதுவா, "டாக்டரம்மா, நானும் குடுத்தேன்"னாரு.

ஆமா தம்பி. நீங்க கேட்டீங்கள்ல, அதேதான். அப்பிடிப் பாக்காதீங்க.

காலைல நான் பூவெடுக்கப் போன பெறகு கொட்டாய்க்குப் போயி, அதே தட்டுலருந்து, அதே பாட்டில எடுத்து, அதே மூடியில. மீன் எண்ணெய் மாத்திரைய ஊசியில குத்தி வாயில பிழிஞ்சு விடுவாராம். நான் கூட அம்புட்டுப் பக்குவமாக் குடுத்ததில்ல, உருண்டையாத்தான் போடுவேன். ஏன் குடுத்தீங்கன்னு டாக்டரம்மா கேக்குது. என்ன சொன்னாரு தெரியுமா? "வெள்ளச்சியக் குடுத்ததுலருந்து இவ மனசு விட்டுட்டா. சேவல எங்க கவனிக்கப் போறான்னு நான் எடுத்துக்கிட்டேன். பாட்டில் தீரத் தீர புதுசு வந்துக்கிட்டே இருந்துச்சு, சும்மா வாங்கி வக்கிறா, குடுக்குறது இல்லைன்னு நெனச்சேன்"ன்னாரு.

மனசு விட்டுட்டேனாம்! நானா?

டாக்டரம்மா தலையில கைய வச்சிருச்சு. அளவுக்கு மேல போன கால்சியமும் விட்டமினும் கிட்னியக் கெடுத்திருச்சாம். கழிவு வெளிய போக முடியாம உப்பா மாறி மூட்டுல படிஞ்சிருக்காம். நாங்க கனம்னு நெனச்சோமே, அது வீக்கமாம். தண்ணி குடிச்சது, வெள்ளையாப் போனது, எல்லாம் அதுதானாம். அப்பவே வந்திருக்கலாமேன்னுச்சு. இனிமே ஒரு சொட்டு மருந்து கூடாது, வெறுந்தண்ணி மட்டும், பொழைக்கிறது அது பாடுன்னுச்சு. அப்பறம் எங்க ரெண்டு பேரையும் பாத்து, "ஒரே வீட்டுலதான இருக்கீங்க? ஒருத்தர ஒருத்தரு கேட்டுக்கிட்டுக் குடுக்க மாட்டீங்களா?"ன்னுச்சு.

இதுல என் தப்பு என்ன இருக்கு, சொல்லுங்க. ஆவணியில குடுக்க ஆரம்பிச்சது நான். அவரு பொரட்டாசியில ஆரம்பிச்சாருங்குறத அவரு வாயாலயே சொல்லிட்டாரு. ரெண்டாவதா வந்தவருதான கேட்டிருக்கணும்? ஏற்கெனவே ஒருத்தி குடுக்குறாளான்னு கேக்கணுமா வேணாமா? வெள்ளச்சிய அனுப்பும்போதும் கேக்கல, இதுக்கும் கேக்கல. நான் கத்தலைன்னா அந்த ஊசியும் ஏறியிருக்கும். அத நெனைச்சுப் பாருங்க. டாக்டரம்மாவே என்னைய ஒண்ணும் சொல்லல, அவரத்தான் கொஞ்சம் அதிகமாப் பாத்துச்சு.

ரெண்டு மூடியா? அது கடைசி வாரம் மட்டும்தான தம்பி. அத நான் உள்ள சொல்லல. மறந்துட்டேன்.

ஆனா ஒண்ணு. அவரு பேசுனதக் கேட்டுக்கிட்டே நின்னேன். இம்புட்டு நாளும் சேவலப் பாத்துப் பேசுற குரலத்தான் கேட்டிருக்கேன், கொஞ்சம் கேலியா, கொஞ்சம் வீம்பா. இது வேற குரலு. மனுசங்ககிட்டப் பேசுற குரலு. "இவ மனசு விட்டுட்டா"ன்னு சொல்லும்போது தொரை முதுகத் தடவிக்கிட்டே இருந்தாரு. எனக்கு அழுகையா வந்துச்சு. அழலாம்னு பாத்தேன், மஞ்சச் சட்டை நிக்குது. அந்த ஆளுக்கென்ன, மூடிக் கணக்கெல்லாம் கேட்டுட்டு அவன் சேவலத் தூக்கிக்கிட்டு டாக்டரம்மாவப் பாக்காமலே கெளம்பிட்டான். வீட்டுக்குப் போயி எதக் கொட்டுறானோ, எத நிறுத்துறானோ.

ஆட்டோ இன்னுமா கெடைக்கல? அந்தா ரோட்டுல நிக்கிறாரு. ஒருத்தனும் நிக்க மாட்டேங்குறான். சேவலுன்னு சொன்னதும் ஆட்டோவ அசிங்கம் பண்ணிரும்னு போயிருவானுங்க. தொரை அப்பிடியெல்லாம் பண்ண மாட்டான். வீட்டுக்குப் போனதும் ஈரச்சாக்கு போட்டு, அடுப்படியிலயே வச்சுக்கப் போறேன். வெறுந்தண்ணி, சங்குல ஊட்டுவேன். அந்தத் தட்டுல இருக்கிறதெல்லாம் எடுத்துக் குப்பையில வீசிருவேன். அவரு காலைல ஊட்டட்டும், நான் சாயங்காலம் ஊட்டுறேன். தண்ணிதான, யாரு ஊட்டுனா என்ன. கண்காட்சி கெடக்கு. அடுத்த வருசம் வராமலா போகும்? என்னடா தொரை?

தொரை.

செத்த இருங்க தம்பி, பேசாதீங்க. துண்ட எடுக்குறேன். கழுத்து ஏன் இப்பிடிக் கனக்குது... இப்பத்தான கண்ணத் தொறந்து பாத்துச்சு. நீங்க பாத்தீங்கள்ல? பாத்தீங்கதான?

டாக்டரம்மாவக் கூப்பிடவா? வேணாம் தம்பி. உக்காருங்க. கோழி வளத்தவ, எனக்குத் தெரியாதா. போயிருச்சு. பேசிக்கிட்டே இருந்தேன், என் மடியிலயே போயிருச்சு, நான் பாக்கல.

அந்தா, ஆட்டோ ஒண்ணு நின்னுருச்சு. கைய ஆட்டிக் கூப்புடுறாரு. நடந்தது தெரியாம நிக்கிறாரு பாருங்க. டேய் தொரை, உங்கய்யாகிட்டச் சொல்லுடா. சொல்லுடா, உங்கய்யா கூப்புடுறாருல்ல.

நீங்க போயிச் சொல்றீங்களா தம்பி? இல்ல... வேணாம். நீங்க உங்க குட்டியப் பாருங்க. உங்களத்தான் கூப்புடப் போறாங்க.

ஏங்க! ஏங்க, உங்களத்தான். நான்தான் கூப்புடுறேன், இங்குட்டுப் பாருங்க. அந்த ஆட்டோவ அனுப்பிருங்க. இனிமே அவசரமில்ல.